மாதவராஜுக்கு லேசான சாப்பாடு

சுரைக்காயை நூடுல்ஸ் மாதிரி இழைக்கும்போது விதைப் பகுதி வரை போகக் கூடாது மேடம், குழைந்துவிடும். மேலே இருக்கும் கெட்டியான சதையை மட்டும் நீளநீளமாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசிறி, தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். பிறகு பூண்டை வதக்கி, மிளகுத்தூள் தூவி, ஒரு பிரட்டு. பாஸ்தா சாப்பிட்ட மாதிரியே இருக்கும். வயிறு கனக்காது.

என் வீட்டுக்காரர் மாதவராஜுக்குப் பாஸ்தா என்றால் உயிர். அதியமான்கோட்டை ஹைவே கடைகளில் வாங்கி வருவார். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மாவுப் பண்டத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அதனால்தான் இதை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஒரே மகள் சுசித்ராவுக்கும் சர்க்கரை. சின்ன வயதிலேயே வந்தது. ஊசி இல்லாமல் அவள் உயிரோடு இருக்க முடியாது. போன வருஷம், கூடப் படித்த முருகேஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அவன் வேறு சாதி. அவர் அவளை உள்ளறையில் தள்ளிப் பூட்டினார். பிரிட்ஜில் இருந்த ஊசி மருந்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ரெண்டு நாளு ஊசி இல்லாம கெடக்கட்டும். தானா வழிக்கு வருவா" என்றார்.

"யம்மா, வாயெல்லாம் காயுதும்மா" என்று கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாந்தி எடுத்தாள். அப்புறம் சத்தமே இல்லை. அவர் வந்து திறந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் அடங்கிவிட்டது. சர்க்கரையில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். நம்பினார்கள். காரியம் முடிந்த மறுவாரமே பாஸ்தா வாங்கி வந்தார்.

டாக்டர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "சாப்பாட்ட மாத்துனா ஊசி அளவையும் கொறைக்கணும்மா. மொதல்ல அவரக் கூட்டிட்டு வாங்க." தலையாட்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

சோறும் சப்பாத்தியும் நின்றன. சுரைக்காய், நூக்கல், கேரட் என்று மாற்றி மாற்றி இழைத்துக் கொடுத்தேன். ஊசி மட்டும் பழைய அளவிலேயே போனது. தொப்பை குறைவதில் அவருக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டு நிர்மலாதேவி, "உங்களாட்டம் யாருக்கா பாத்துக்குவாங்க?" என்றாள். அவருக்குக் கை நடுங்கி வேர்த்தால், "ஒடம்புல இருக்கற கெட்டதெல்லாம் வெளிய போவுதுங்க" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டு ஒரு தட்டு சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்தது. நாக்குக் குழறியது.

"கோகிலா... சக்கர... கொஞ்சூண்டு சக்கர குடு."

டப்பா அடுப்பு மேடையிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாயி காயுதுங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கொன்றது நான்தான் மேடம், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. பெற்ற பிள்ளை கதவைத் தட்டத் தட்ட அதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் எப்படி இருக்க முடியும்? அவர் அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே இல்லை. தீர்த்தமலைக்குப் போயிருந்தார், சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு.