நாற்பத்தேழாம் நம்பர் ரத்தம்

நீரஜா: ...இன்னும் கொஞ்சம் வாயைத் தொறங்க, தேசம்மா.

தேசம்மா: இதுக்கு மேல தொறந்தா வஞ்சிரமே உள்ள பூடும் கண்ணு. எங்க தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டு இட்டாந்தது இதுக்கா?

பக்கிரி: மேடம் பாக்கட்டும்.

தேசம்மா: நீ இன்னாய்யா, புருசன்னு கூட வந்துட்டு மூலைல குந்திகினு கீறே?

நீரஜா: கன்னத்துல இருந்த வெள்ளைத் திட்டு மறைஞ்சிடுத்து. புகையிலையை நிஜமாவே விட்டுட்டீங்களா?

தேசம்மா: இந்தாளு தலைல அடிச்சி சத்தியம் பண்ணட்டா?

பக்கிரி: என் தலைய வுடு.

நீரஜா: வாய் சுத்தமா இருக்கு. ரத்தம்தான் வேற மாதிரி சொல்றது.

தேசம்மா: இன்னா சொல்லுது?

நீரஜா: வாயில புத்துநோய் இருந்தா ரத்தத்துல ஒரு பொருள் ஏறும்னு இந்த ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்றோம். அதுக்குத்தான் உங்ககிட்ட மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கறது. முதல் ரெண்டு தடவை கம்மி. போன மாசம் எடுத்தது மூணு மடங்கு.

பக்கிரி: மூணு...

நீரஜா: ரத்தத்தை மட்டும் வெச்சு எதுவும் சொல்லிட முடியாது. சில பேருக்குச் சும்மாவே ஏறும். அதான் கன்னத்துல துளி சதை வெட்டிப் பார்க்கணும்ங்கறார் டாக்டர். இன்னிக்கே.

தேசம்மா: வெட்றதா! நல்லா கீற வாய எதுக்கும்மா வெட்டணும்?

நீரஜா: மரத்துப்போக ஊசி போடுவா...

பக்கிரி: வாணாம் மேடம்.

நீரஜா: நீங்களே பயந்தா எப்படி?

பக்கிரி: அதுக்கில்ல... அந்த ரத்தம்...

தேசம்மா: யோவ்! சும்மா இரு.

நீரஜா: ரெண்டு பேரும் என்ன மறைக்கறீங்க? தேசம்மா, இது உங்க உயிர் விஷயம்.

தேசம்மா: ...திட்டாத கண்ணு. போன மாசம் நான் வர்ல.

நீரஜா: வரலையா? ட்யூப்ல உங்க நம்பர் இருக்கே, நாப்பத்தேழு!

தேசம்மா: காலைல வெறும் வயித்தோட வான்னீங்கோ. அது மீன் புடிக்கப் போன போட்டுங்க கரைக்கு வர்ற நேரம். ஏலத்துல நான் நிக்கலன்னா கூடைல மீனே கெடையாது. இந்தாளு ஒடம்பு முடியலன்னு கடலுக்குப் போகாம ஊட்ல கெடந்துச்சு. "உன் நம்பர் சீட்டக் குடு, நான் ரத்தம் குடுத்துட்டு வரேன், ஒரே சட்டி சோறு துன்ற ரத்தந்தானே"ன்னுச்சு...

நீரஜா: ஐயோ! எடுக்கறவர் பாக்கலையா?

பக்கிரி: ஜன்னலுக்குள்ள கையதான நீட்றோம். நாப்பத்தேழுன்னாரு. நீட்னேன். நிமிந்துகூட பாக்கல.

தேசம்மா: அப்போ ஏறுன ரத்தம் என்னுது இல்ல! வெட்ட வாணாமே கண்ணு?

நீரஜா: ...உங்களுக்கு வேணாம்.

தேசம்மா: அப்பாடா! வயித்துல பால வாத்த. யோவ், கேட்டியா?... இன்னாய்யா மூஞ்சி அப்டி போவுது?

நீரஜா: பக்கிரி... இப்படி வெளிச்சத்துக்கு வாங்கோ. வாயைத் தொறங்க.

பக்கிரி: ரெண்டு வெரலுக்கு மேல தொறக்காது மேடம்.

தேசம்மா: இன்னாய்யா சொல்றே? ஏலத்துக்கு நான் போவணும்னுதான சீட்ட வாங்கிகினு போனே?

பக்கிரி: ஏலத்துக்காக இல்ல தேசம்மா. தீபாவளிலேந்து நாக்குக்கு அடில புண்ணு. என் பேர்ல காட்னா புண்ணு உனக்கும் தெரிஞ்சிபூடும், உன் பேர்ல குடுத்தா ரத்தம் இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கலாம், புண்ணு எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சேன்... உன் வாய வெட்றேன்னு சொல்வாங்கோன்னு நெனைக்கல.