கிரகணத்தன்று பிடித்த கத்திரி

— ஷரீஃபா, அந்தக் கத்திரிய வச்சுட்டு இங்க வா.

— ஏங்க, இன்னைக்கும் கிரகணமா?

— வெளயாடாத புள்ள. சைனப் எங்க?

— உங்க உம்மாகிட்ட. காலர் வெட்டணும், சேட்டு ஆளு இப்ப வந்து ஜல்தி ஜல்தின்னு நிப்பான்...

— நிக்கட்டும். பட்டன் டப்பாவ எடு. நூலும் எடு.

— எதுக்கு?

— ஒண்ணு காட்டணும். நம்ம ஒடம்புல செல்லுன்னு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள குரோமோசோம். இந்தா, இந்தப் பட்டன் மாதிரி, ஜோடி ஜோடியா.

— ம்.

— புள்ளைக்கு நீயும் நானும் பாதிப் பாதிதான் குடுக்கணும். அதனால செல்லு பிரியும்போது ரெண்டு பக்கமும் நூலு கெளம்பி வந்து, ஜோடியில ஒண்ண இங்கிட்டு, ஒண்ண அங்கிட்டு இழுக்கும்.

— எடுத்த எடுப்புல இழுத்தா எப்படி? மொதல்ல எல்லாம் நடுவுல வரிசையா நிக்கணும்லா.

— ஆமா... அத விட்டுட்டேன். நின்னப்புறம் இழுக்கும். சில நேரம் ஒரு ஜோடி மட்டும் பிரியாம...

— ரெண்டும் ஒரே பக்கம் போயிரும். அதுல உண்டாகுற புள்ளைக்கு ஒண்ணு கூடுதல்.

— உனக்கு எப்படி...

— மொதல்ல நீங்க சொல்லி முடிங்க. நம்ம சைனபுக்கு அப்படியா?

— அப்படித்தான். அவளோட ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரலன்னு நான் சொன்னது பொய். டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு. நிக்க, நடக்க, பேச... எல்லாம் மெதுவாத்தான் வரும்.

— ஏன் மறச்சீங்க?

— உம்மாவுக்குப் பயந்துதான். கிரகணத்தன்னைக்கு நீ கத்திரி புடிச்சதாலதான் புள்ள இப்படின்னு, உன்ன ஊருக்கு அனுப்பச் சொல்லுதா. நேத்துகூட டிக்கெட் எடுக்கச் சொன்னா. ஆனா கேளு, கிரகணம் வந்தப்ப உனக்கு ஏழாம் மாசம். இது கரு தங்குறதுக்கு முந்தியே நடந்து முடிஞ்சது. கத்திரி என்ன செய்யும்? இப்பவே போயி உம்மாகிட்ட சொல்லப் போறேன்.

— யாரு பக்கத்துக் கோளாறுன்னு கேட்டா?

— என் பக்கம்னு சொல்லிருவேன்.

— உக்காருங்க. முந்தாநேத்து நானும் டாக்டரப் பாத்துட்டேன். இன்னைக்குக் காலைல நீங்க போனப்புறம், இதே பட்டன், இதே நூல வச்சு மாமிக்கு இழுத்துக் காட்டினேன். இன்னொரு தடவ காட்டுன்னாவ. அப்புறம் ஒரே அழுகை. இத்தன நாளா யார் கண்ணுலயும் படாம வச்சிருந்த புள்ளைய, இப்ப இடுப்புல தூக்கிகிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிருக்காவ.

— உம்மாவா? அவ்வளவு லேசா நம்பிட்டாளா?

— நம்பாம என்ன? கிரகணத்தன்னைக்கு ஆர்டர் அர்ஜென்ட்டுன்னு கத்திரிய என் கையில குடுத்ததே மாமிதான்.