எழுந்து நின்ற குற்றம்

"கேஸ்! கேஸ்! கேஸ்!"

நச்சு வாயு எச்சரிக்கை. மூச்சை நிறுத்துகிறேன். கண்ணை மூடுகிறேன். முகமூடி தாடையில் ஏறுகிறது. பட்டியை இழுக்கிறேன். பலமாக வெளியே ஊதுகிறேன். சைரன் ஏறி இறங்குகிறது. யாரோ தகரத்தில் அடிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் அம்புலன்ஸ் ஓட்டும் கெவின் ஒற்றைக் கையுறையைத் தேடுகிறான். தூரத்தில் ஒரு அதிர்வு. நிலம் வயிற்றில் இடிக்கிறது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சு மட்டும் கேட்கிறது.

1991 ஜனவரி. சவூதிப் பாலைவனம். பிரிட்டிஷ் ராணுவத்தின் கள மருத்துவமனை. நான் யாழ்ப்பாணத்தவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்தவன். ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைக் கூடத்து உதவியாளனாக வேலை. குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. வார இறுதியில் பயிற்சி எடுக்கும் தொண்டர் படையில் சேர்ந்தேன். வளைகுடாப் போர் வந்தது. கூப்பிட்டார்கள். விம்பிள்டன் கோவிலில் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன் இன்னொரு ஆமியில் போய் ஏறியிருக்கிறான் என்றார்கள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதை என்றாள் என் மனைவி மலர். எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஊசிகள். ஒரே நாளில் இரண்டு கைகளிலும். என்ன ஊசி என்று கேட்டேன். வரிசையில் நகரச் சொன்னார்கள். நரம்பு வாயுவுக்கு எதிரான குளிசை மாத்திரை. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. வயிறு பிசையும். கண்ணில் நீர் ஓடும். பிறகு ஈ. பாலைவனத்து ஈக்களுக்கு எங்கள் மேல் அப்படி ஒரு பாசம். இரண்டு பேர் வந்து கூடாரத்துக்கு மருந்து அடித்தார்கள். கட்டில், போர்வை, தலையணை, எல்லாம் ஈரம். அடித்தவர்கள் முகத்தைக் கட்டியிருந்தார்கள். நாங்கள் அன்றிரவு அதற்குள்ளேயே படுத்தோம். எதிரியின் நஞ்சுக்கு முகமூடி தந்தவர்கள் ஈ மருந்துக்குத் தரவில்லை.

மார்ச். குவைத். எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன. பட்டப்பகலில் அம்புலன்ஸ் விளக்கைப் போட்டு ஓட்டுகிறான் கெவின். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பிறந்தவன். வாயோயாமல் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பவன். துப்பினால் கறுப்பு. காயப்போட்ட சட்டையில் எண்ணெய்ப் பொட்டு. அதைக் காட்டி, நீ நெற்றியில் வைக்கிறாயே, அதே பொட்டுத்தான் என்றான். சிரித்தோம். இருமினோம்.

வெற்றி என்றார்கள். வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருடம் கை நடுங்கத் தொடங்கியது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் கத்தரிக்கோல் விழுந்தது. மறுபடி விழுந்தது. வேலை போனது. பிறகு கால். சுவரைப் பிடித்துத்தான் நடை. ஒரு நாள் விம்பிள்டன் ஸ்டேசனில் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். மலர் இரண்டு ஷிப்ட் செய்தாள். குடும்ப டொக்டர் இலங்கைப் போரைக் கனவில் காண்கிறாயா என்று கேட்டார். இல்லை, உங்கள் போரில்தான் இப்படி ஆனேன் என்றேன். அவர் தூக்கக் குளிசை எழுதினார். கோவிலில் ஒருவர் ஊரில் எந்தப் போராளி இயக்கத்தில் இருந்து அடிபட்டது என்று கேட்டார். யாருடைய கணக்கிலும் நான் இல்லை.

கெவினுக்கு மூச்சு. மாடிப்படி ஏற முடியாது. அவன்தான் ராணுவ ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கச் சொன்னான். கிடைத்தால் காசு மட்டுமில்லை, வைத்தியமும் முறையாகக் கிடைக்கும் என்றான். கேட்டேன். காத்திருந்தேன். செவிடன் காதில் சங்கு ஊதியபடி வருடங்கள் போயின. ஒருவழியாக மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்.

டொக்டரிடம் ஒழுங்காகப் போக வேண்டும் என்றாள் மலர். தலை முழுக வார்த்தாள். சட்டையை இஸ்திரி போட்டாள். டை கட்டிவிட்டாள். தாங்கித்தான் கூட்டிப் போனாள். என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தண்ணீர் எடுக்க வெளியே போனாள்.

கதவு திறந்தது. நரைத்த தலை. டொக்டர்.

நான் எழுந்து நின்றேன்.

யாரும் சொல்லவில்லை. டொக்டர் வரும்போது கதிரையில் இருந்துகொண்டிருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. மேசையைப் பிடிக்கவில்லை. அதுவும் மரியாதை இல்லை. முதுகு வியர்த்து ஓடியது. அன்றைக்குக் காலில் இருந்த பலம் முழுவதும் அதில் முடிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல சுகம், நன்றி என்றேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

முடிவு வந்தது. உதவியின்றி எழுந்து நிற்கிறார். நன்றாக உடுத்தியிருக்கிறார். நலமாக இருப்பதாகத் தாமே கூறுகிறார். மறுக்கப்படுகிறது.

"ஏனப்பா எழும்பினனியள்?" என்றாள் மலர்.

"டொக்டர் எல்லே வந்தவர்."

அவள் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். எனக்கு ஆத்திரம். அவர்கள் மேல். என் காலின் மேல். என்னை இப்படி வளர்த்தவர்கள் மேலும்தான். கெவின் டெலிபோனில் மூச்சிரைக்கச் சிரித்தான். இந்த நாட்டில் டொக்டருக்கு எழும்புகிற கடைசி மனிதன் நீதான் என்றான். அப்பீல் செய், அந்த ஈ மருந்துக்கு நான் சாட்சி சொல்கிறேன் என்றான்.

அப்பீல் செய்தேன். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி தள்ளிவைத்தார்கள். அந்த மாரிக் குளிரில் கெவின் செத்துப்போனான். அவனுடைய மனு அப்போதும் மேசையில் கிடந்தது.

1997. விசாரணை அறை. "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்று ஒருவர் கத்துகிறார். கதிரைகள் அரைபடும் சத்தம். என் உடம்பு தானாக முன்னே சாய்கிறது. மலர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

"இருங்கோ. எழும்பாதேங்கோ."

இருக்கிறேன். அறை முழுவதும் நிற்கிறது. முகம் எரிகிறது. வெட்கம். குண்டு விழுந்தபோதுகூட இப்படி முகம் எரியவில்லை. தீர்ப்புச் சொல்லும் மூன்று பேர் வந்து அமர்கிறார்கள். நடுவில் இருந்த அம்மா என்னையே பார்த்தார். அன்று எழுந்து நின்றதாக எழுதியிருக்கிறதே என்று கேட்டார்.

"எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எழும்ப ஏலும், அம்மா," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். மனதில் தமிழில்தான் இருந்தது. "அண்டைக்கு அதை அந்த டொக்டருக்குக் குடுத்திட்டன்."

அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

ஓய்வூதியம் தந்தார்கள். காலுக்கு மட்டும். கைக்கு இல்லை. மறதிக்கு இல்லை. காரணம் நிறுவப்படவில்லை என்று எழுதினார்கள். ஊசி, குளிசை, ஈ மருந்து, புகை பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இழந்தவை. இரண்டு கால். நடுங்காத கை. படித்த வேலை. மலரின் இடுப்பு, என்னைத் தூக்கித் தூக்கி. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் எழும்பும் பழக்கம். லண்டன் வந்து தலைக்கனம் பிடித்துவிட்டது என்கிறார்கள். விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது.

இழந்த ஆள் ஒருவன். கெவின். பார்க்கிங் ஊரில் அவன் சவப்பெட்டியைத் தூக்கி வந்தபோது நான் எழுந்து நின்றேன். மலரின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அதை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.