அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த நாள்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில், தேர்வில் ஒரு சிறு தவறு செய்தேன். நான் படிப்பது நோயாளிப் பராமரிப்பு. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவது அரிதா, அடிக்கடியா என்பது கேள்வி. அடிக்கடி என்று எழுதிவிட்டேன். அரிது என்பது எனக்குத் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் என் தோளில் கை வைத்தார்.

"வீட்ல பட்டதை வச்சு எழுதிட்டே. பரவாயில்லம்மா."

அந்தக் கேள்விக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து உடம்பெல்லாம் கூசுகிறது. அதனால் நடந்ததை ஒரு முறையாவது சரியாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுடையது இஸ்திரிக் கடை. முன்னறை கடை, பின்னறை வீடு. அப்பா துணி வாங்கி அடையாளம் போடுவார், நான் தேய்ப்பேன், அண்ணன் மடிப்பான். அவன் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது கூடவே ஞாபகமும் போயிற்று. காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய நாளை நான் அவனுக்குச் சொல்ல வேண்டும், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு யார்கிட்டயாச்சும் சண்டை போட்டேனா பாப்பா?"

"போட்டியே, ஒரு சட்டை பட்டனோட."

"யாரு ஜெயிச்சா?"

"பட்டன்தான்."

சிரிப்பான். தன் தலையை நம்பாதவன் என் வாயை நம்பினான். அவன் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. குரல்கள் மிரட்டும் நாட்களில் தேய்க்கும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான்.

அது நடந்த அன்று மதியம் அவன் பக்கத்துத் தெருவுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தான். அப்பா பேச்சை எடுத்தார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து கிளாசுக்குப் போக வேணாம்."

"ஏம்ப்பா?"

"நீ போயிட்டா சாயங்காலம் அவனை யாரு பாத்துக்கறது? ஊர்ல இருக்கற சீக்காளியெல்லாம் பாக்கறதுக்குப் படிக்கறே. வீட்ல ஒருத்தன் இருக்கான், அவனைப் படிக்காமலே பாக்கலாம்."

கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கக் குனிந்தார்.

நான் தள்ளினேன், மேசை முனை பட்டது என்று முதலில் எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். தள்ளவில்லை. என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஒரு முறை என்று எழுதினால் அதுவும் பொய். முதல் அடிக்குப் பிறகு சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்தேன். பெட்டி சூடாக இருந்தால் துணி கருகிவிடும் என்ற பழக்கம். அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி கொடுக்கப் போன வீட்டில் ஆளில்லை என்று அண்ணன் பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்திருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. உள்ளே வந்தவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு என்னை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே பாப்பா?"

அதைத்தான் கேட்டான். நான் அவனை உட்கார வைத்து, தினமும் சொல்வதுபோல அவன் நாளைச் சொன்னேன்.

"நீ எங்கயும் போகலண்ணா. இங்கதான் மடிச்சிட்டிருந்தே."

"துணி குடுக்கப் போனேனே?"

"அது நேத்து."

"ஓ. நேத்தா."

"குரல் என்னமோ சொல்லுதுன்னே. அப்பா குனிஞ்சிருந்தாரு."

"அப்புறம்?"

அப்புறத்தையும் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். இடையில் தடுமாறியபோது திருத்தினேன். கடைசியில் பிசகில்லாமல் சொல்லி முடித்து, "நானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் உதவிக்குக் குரல் கொடுத்தேன்.

போலீஸுக்கு வேலையே இல்லை. "இது என்னைக்காவது இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியும் சார்," என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். அண்ணனின் சட்டைகளுக்கு அளவெடுத்தவர் அவர்தான். "இதுக்கு முன்னாடி அடிச்சிருக்கானா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுதிக்கொண்டார்.

எனக்கென்றால் சிறை. அவனுக்கென்றால் மருத்துவமனை, கட்டில், வேளாவேளைக்கு மாத்திரை. அவனை அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படியெல்லாம் யோசித்துப் பார்க்கும்போது செய்தது தவறாகத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை உங்கிட்டேர்ந்து பறிச்சிட்டேன், மன்னிச்சிடு," என்கிறான். மன்னித்துவிட்டதாக நானும் சொல்கிறேன்.

இன்று வகுப்பு முடிந்து வந்ததும் அந்த வார்டு மருத்துவர் போன் செய்தார்.

"நல்ல முன்னேற்றம்மா. ஞாபகம் மெல்லத் திரும்புது. ஏதோ கதவுல பையை மாட்டினேன்னு சொல்றாரு. பச்சைப் பையாம்."

சந்தோஷம் டாக்டர் என்றேன். பை பச்சைதான்.

என் கவலையெல்லாம் அவன் குழம்பக் கூடாது என்பதுதான். குழப்பம் இந்த நோய்க்கு ஆகாது. அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நாளை: நான்கு மணிக்குப் பார்வை நேரம். தேய்த்த சட்டை இரண்டு எடுத்துப் போக வேண்டும். அன்றைய நாளை முதலிலிருந்து சொல்லி, பிசகில்லாமல் அவன் திருப்பிச் சொல்லும்வரை கூடவே உட்கார வேண்டும்.