பெட்டிக்குள் வெயில்

“பெட்டிக்குள்ள வெயில் இருக்கு மாமி, அது மேல சாயாதீங்க.”

எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரி வரும் படகில், என் முன் இருக்கையில் ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளின் மடியில் நீளமான அட்டைப்பெட்டி. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் முதல்முறையாகப் பவளம் வளர்க்கப் போகிறாளாம். பெட்டியில் இருப்பது அதற்கான நீல விளக்கு.

“ஹால்ல டியூப் லைட்டு இருக்குல்ல. அது போதாதா?”

“அதுக்குப் பாசிதான் வளரும். பவளத்துக்கு இந்த நீலம் வேணும்னு கடைக்கார சேட்டன் சொன்னாரு.”

“சரி, வாங்கியாச்சு. இன்னைக்கே முழுசா எரிய விடு.”

“முடியாது மாமி. புதுசா வந்த உயிரு. முதல் வாரம் கால் பங்கு வெளிச்சம் வச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். இல்லேன்னா வெளுத்துச் செத்துடும்.”

“கல்லு மாதிரி கெடக்குறதுக்கு இவ்வளவு செல்லமா?”

படகு கரையை ஒட்டியது. மருமகள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நிக்காஹ் முடிஞ்சு வந்த மறுநாளே என்னை அறுபது பேருக்கு நெய்ச்சோறு ஆக்க வச்சீங்க. நான் தாங்கிட்டேன். இது தாங்காது. சுவிட்சுல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்.”