அறுபத்தோராவது ஆள்

அறுபது பேருக்குப் பந்தி வைப்பதுபோல் சுலபமான வேலை கிடையாது, அஃபீஃபா. ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேராக உட்காரவைத்தால் பதினைந்து சஹன். மூன்று பேரென்றால் இருபது, ஐந்து பேரென்றால் பன்னிரண்டு. எப்படிப் பிரித்தாலும் மீதி விழாது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் வரும்.

நேற்று நீ வந்து, "வாப்பா எந்த விருந்துலயும் உக்காரவே மாட்டேங்கிறாங்க. என் கல்யாணத்துலயும் சஹன்ல உக்கார மாட்டாங்களாம். ஏன் பெரிய வாப்பா?" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

உன் வாப்பா, என் தம்பி நெய்னா முகம்மது, குவைத்திலிருந்து திரும்பியபோது கை விரல்களிலும் உதட்டோரத்திலும் வெள்ளை படர்ந்திருந்தது. டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனது நான்தான். ஒட்டுகிற நோயில்லை என்று அவர் என்னிடம்தான் சொன்னார். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆறு மாதத்தில் என் மகள் பஹீமாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் அவன் கை போட்ட சஹனில் கை போட வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் என் மகள் வாழ்க்கை என்னாவது என்று பயந்தேன். கூடப் பிறந்தவனை வராதே என்று சொல்கிற அளவுக்கு நான் மோசமானவன் இல்லை. அதனால் கணக்குப் போட்டேன்.

அறுபத்தொன்று பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாது. மூன்றால் வகுத்தாலும் நாலால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் சொல்லிவைத்தாற்போல் ஒன்று மிஞ்சும். முதல் பந்திக்கு அவனையும் சேர்த்து அறுபத்தொரு பேர் என்று பட்டியல் எழுதினேன். கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் காய்ச்சலில் வராமல் போக, அறுபதாகிவிட்டது. அடுத்த பந்தியில் சாப்பிடுகிறேன் என்ற எங்கள் பள்ளிக்கூடத்துப் பஞ்சநாதன் சாரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சரிசெய்தேன்.

எல்லோருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றும் வேலையை உன் வாப்பாவிடம் கொடுத்திருந்தேன். ஊற்றி முடித்து வந்தால் உட்கார இடமிருக்காது, அதற்காகத்தான்.

"அறுபத்தொண்ணுப்பா. ஒருத்தர் மீதி விழுது, என்ன செய்யிறது?" என்றேன்.

"வாத்தியார் வீட்டு விருந்துலயே கணக்கு ஒதைக்குதே நானா" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். தனித் தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனான்.

மறுவீட்டு விருந்தில் ஐம்பத்து மூன்று பேர். பேரன் சுன்னத்தில் முப்பத்தேழு. நோன்பு திறக்கக் கூப்பிட்டபோது இருபத்தொன்பது. எல்லாம் பகா எண்கள், எல்லாம் நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுபவை. சுன்னத்து விருந்தில் அவன் சிரிக்கவில்லை. நோன்பின்போது நான் வாய் திறக்குமுன் அவனே தட்டை எடுத்துக்கொண்டான். இப்போது வீட்டில் உன் உம்மா ஆஸியா பீவியோடும் உன்னோடும்கூட ஒரே தட்டில் கை வைப்பதில்லை என்கிறாய். அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

பஹீமா நிக்காஹ்வின் முதல் பந்தியில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன். மாப்பிள்ளையும் சம்பந்தியும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் நானும் ஒரே சஹன். உன் வாப்பா நிற்பதைப் பார்த்ததும் சம்பந்தி முழங்காலை மடக்கி இடம் விட்டார். "நாலென்ன அஞ்சென்ன, இப்புடி ஒண்டிக்கங்க, வாங்க தம்பி" என்றார். அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். என் பயத்துக்கு அந்த இடத்திலேயே வேலையில்லாமல் போய்விட்டது.

எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "மாப்பிள்ளை சஹன்ல அஞ்சாவது கை கூடாதுங்க" என்றேன். அப்படியொரு வழக்கம் நம்மிடம் கிடையாது. அது உன் வாப்பாவுக்கும் தெரியும். தனித் தட்டைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

முகம் சுளித்தவன் நான், அஃபீஃபா. அந்த விரல் பட்ட சோறு என் தொண்டையில் இறங்காது. அதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் கல்யாணத்தில் நான்கு பேர் பார்க்க அவன் பக்கத்திலேயே, அவன் சஹனிலேயே உட்காருகிறேன் என்று சொல், கட்டாயம் வருவான். எனக்குத்தான் இப்போது சர்க்கரை இருக்கிறது, கண்ட சோறு ஆகாது. எனக்கு மட்டும் தனித் தட்டில் வைத்துவிடச் சொல்லம்மா.