நாற்காலி மாறிச் சொன்ன வார்த்தை

மேலே பதிந்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பள்ளியின் சமத்துவ அமைதி மன்றத்துக்கும் நானே பொறுப்பு. ஆண் பெண் பேதமின்றிப் பழகவும் சண்டையைப் பேசித் தீர்க்கவும் பிள்ளைகளைப் பயிற்றும் மன்றம் அது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்ட இருவரும் நாற்காலி மாறி உட்கார்ந்து, மற்றவராகவே தன்னை வைத்துக்கொண்டு, 'நான்' என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர் சரி என்று தலையாட்டும்வரை விடமாட்டோம். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது நான் வகுத்த விதி.

சென்ற வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், உயரத்தால் ஒட்டகம் என்று பெயரெடுத்தவன், திடலின் படிக்கட்டில் நின்று, மாணவியர் கால்பந்து அணியின் கோல்கீப்பரை, "பந்தப் பிடிக்கச் சொன்னா கும்பிடு போடுறியே" என்று கேலி செய்தான். அவள் ஏறிவந்து தள்ளியதில் அவன் உருண்டு விழுந்து முதுகு சிராய்ந்தது. அதன்பின் ஆட்டத்துக்குத் திரும்பிய அவள், பந்துக்குப் பாய்ந்ததில் முழங்கை கிழிந்து கட்டுப் போட்டுக்கொண்டாள்.

நேற்று மாலை மன்றத்தில் இருவரும் நாற்காலி மாறினார்கள். அவள் அவனாகப் பேசி முடித்தாள். அதன்பின் அவன் அவளாகி, "நான்தான் உன்னப் படியில தள்ளிவிட்டேன். நீ விழுந்தப்ப திரும்பிக்கூடப் பாக்கல. மன்னிப்புக் கேக்க வாய் வரல" என்றான். அவள் தலையாட்டி அழுதாள். அவளை அழைத்துப்போக வந்த தந்தை, பேருந்து ஓட்டுநர், ஜன்னலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டிருக்கிறார். மகளின் முழங்கைக் கட்டையும் கண்ணீரையும் பார்த்தவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, மகளைப் படியில் தள்ளிவிட்டதாக மாணவன்மீது புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை பையனின் தாயார், தையல்காரர், ஆசிரியர் அறைக்கு வந்து, "மிஸ், ஸ்டேஷன்ல என்ன கேட்டாலும் ஊமையாட்டம் நிக்கிறான். கேஸ் போட்டா பள்ளிக்கூடத்துலேருந்தும் நீக்கிடுவாங்களாமே" என்றார். அதன்பின் நான் கோல்கீப்பரை வகுப்பிலிருந்து அழைத்துப் புகாரைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ, தள்ளினது நானாச்சே மிஸ்!" என்றாள். விதியை மீறலாமா என்று நான் கேட்குமுன்பே அப்பாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

அதன்பின் எல்லோரும் இங்கு வந்தோம். அவள் தந்தையிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, பையன் பக்கம் திரும்பி, "வாயில என்ன, பசையா தடவியிருந்துச்சு? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா!" என்றாள். "உள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாதுல்ல" என்றான் அவன். ஒரு பையன் அந்த விதியை இவ்வளவு தூரம் சுமப்பான் என்று, அதை வகுத்த நாளில் எனக்குத் தோன்றியதில்லை. தந்தை பையனருகே வந்து, "தம்பி, முதுகு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதியும் கொடுத்தார்.

அதன்பின் உதவி ஆய்வாளர், பெண்மீது புகார் ஏதும் உண்டா என்று பையனைக் கேட்டார். "வேணாம் சார். வெள்ளிக்கிழமை மேட்ச் இருக்கு. கும்பிடு போட்டாலும் கோலுக்கு இவ ஒருத்திதான்" என்றான். அவள் அவன் காலை மிதித்தாள். உதவி ஆய்வாளர் அதைப் பார்த்தார், குறித்துக்கொள்ளவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது, பையனைக் குறிக்க, குற்றஞ்சாட்டப்பட்டவன் என்ற பொருளில் எழுதியிருந்த 'எதிரி' என்பதை 'மாணவன்' என்று திருத்தக் கேட்டேன். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நடந்தபடி நான் சொன்னவை, நான் சொன்னபடி எழுதப்பட்டவை.

(ஒப்பம்)